சின்னஞ்சிறு பீசோ மீயொலி சென்சார்கள் தயாரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்தக்குழாய்க்குள் நுழையும் கதீட்டரின் நுனி, கைபேசித் திரைக்கு அடியிலுள்ள கைரேகை சென்சார், தண்ணீருக்குள் ஒலியழுத்தத்தை அளக்கும் ஊசி ஹைட்ரோஃபோன். இந்த மூன்றுக்குள்ளும் இருப்பது அதிர்வை மின்சாரமாகவும் மின்சாரத்தை அதிர்வாகவும் மாற்றும் ஒரு துளி பீசோ பொருள்தான். அதை எப்படிச் செய்கிறார்கள், எங்கே கெட்டுப்போகிறது என்று மாணவர்களும் புதிதாக இந்தத் துறைக்கு வரும் பொறியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே. இயற்பியல் தேவையான அளவுக்கு மட்டும்; மீதியெல்லாம் பட்டறை விஷயம்.

சின்னது என்றால் எவ்வளவு சின்னது?

தடிமனை அலைவெண்தான் முடிவு செய்யும். ஒரு பீசோ தகடு, அதன் தடிமன் ஒலியின் அரை அலைநீளத்துக்குச் சமமாகும் அலைவெண்ணில்தான் நன்றாக அதிரும். இந்தத் துறையில் அதிகம் புழங்கும் பொருள் ஈய சிர்கோனேட் டைட்டனேட் செராமிக், சுருக்கமாகப் பிஇசட்டி. அதற்குள் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 4,000 முதல் 4,500 மீட்டர் வேகத்தில் போகும். கணக்குப் போட்டால் 5 மெகாஹெர்ட்ஸுக்கு 0.4 மி.மீ. சொச்சம், 20 மெகாஹெர்ட்ஸுக்கு 100 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல், 40 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 50 மைக்ரான் வரும். கடைசியாகச் சொன்னது மெல்லிய தலைமுடி ஒன்றின் தடிமன். உடையக்கூடிய செராமிக்கை அந்த அளவுக்குத் தேய்த்து, இரண்டு பக்கமும் உலோகம் பூசி, கம்பி இணைக்க வேண்டும்.

அலைவெண்ணை ஏன் இவ்வளவு உயர்த்த வேண்டும்? உடல் திசுவில் ஒலியின் வேகம் விநாடிக்கு 1,540 மீட்டர் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 40 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 38 மைக்ரான்தான். குழாய்ச் சுவரின் அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க அந்த நுணுக்கம் வேண்டும். அதற்கு விலை உண்டு. திசுவில் இழப்பு, தோராயமாக ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் செ.மீ.க்கு அரை டெசிபல். 40 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு செ.மீ. போகவே 20 டெசிபல் போய்விடும், திரும்பி வர இன்னொரு 20. ஆகவே இந்தச் சென்சார்கள் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் பார்ப்பதில்லை.

சென்சார் என்கிறீர்கள், அதுவே ஒலியை அனுப்பவும் வேண்டுமா?

வேலையைத் தொடங்குமுன் முடிவு செய்ய வேண்டிய முதல் விஷயம் இதுதான். பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள்.

அனுப்புவதற்கு நல்ல பொருள் வேறு, கேட்பதற்கு நல்ல பொருள் வேறு. அனுப்ப வேண்டுமானால் ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு அசைகிறது என்பது முக்கியம்; அதில் பிஇசட்டிக்கு ஈடு சொல்வது கடினம். கேட்க மட்டும் என்றால் அழுத்தத்துக்கு எவ்வளவு வோல்ட் வருகிறது என்று பார்க்க வேண்டும். அங்கே மின்கடவுத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் திறன், குறைவாக உள்ள பொருள் மேலே வந்துவிடும். பிவிடிஎஃப் என்ற பாலிமர் படலம் அசைவில் பிஇசட்டியைவிட எவ்வளவோ பின்தங்கியது. ஆனால் ஒரே அழுத்தத்துக்கு அது தரும் மின்புலம் பிஇசட்டி தருவதைப் போல ஏறக்குறைய 10 மடங்கு. ஹைட்ரோஃபோன்கள் பெரும்பாலும் பிவிடிஎஃப்பில் செய்யப்படுவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதன் ஒலித்தடை (ஒலி கடக்கப் பொருள் காட்டும் எதிர்ப்பு) தண்ணீரின் ஒலித்தடைக்கு அருகில் இருப்பது.

அனுப்பிக் கேட்கும் இரண்டு வேலையும் ஒரே துண்டு செய்ய வேண்டும் என்றால் சமரசம்தான். கதீட்டருக்குள் இரண்டு துண்டுக்கு இடம் இருக்காது என்பதால் பெரும்பாலோர் அந்தச் சமரசத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது?

பீசோ விளைவை 1880-இல் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் குவார்ட்ஸ், டூர்மலின் போன்ற படிகங்களில் கண்டார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் பால் லாங்கெவின் எஃகுத் தகடுகளுக்கு நடுவே குவார்ட்ஸை வைத்து நீர்மூழ்கிகளைத் தேடும் கருவி செய்தார். 1950-களில் பிஇசட்டி வந்தது. 1969-இல் பிவிடிஎஃப்பின் பீசோ குணத்தைக் கவாய் அறிவித்தார். இன்று தேர்வு ஏறக்குறைய இப்படி:

பிஇசட்டியில் மென்மையான வகையான 5எச், ஒவ்வொரு நியூட்டனுக்கும் 600 பிகோகூலோமுக்குச் சற்றுக் குறைவாக மின்னூட்டம் தரும். மின்கடவுத்திறன் அதிகம் என்பதால் சின்னஞ்சிறு துண்டுக்கும் ஓரளவு மின்தேக்கம் கிடைக்கும். பலவீனம் வெப்பம். அதன் கியூரி வெப்பநிலை, அதாவது பீசோ குணம் அடியோடு போய்விடும் சூடு, 190 டிகிரி செல்சியஸ் சொச்சம்.

ஈய மக்னீசியம் நியோபேட்–ஈய டைட்டனேட் ஒற்றைப் படிகம் அதைவிட இரண்டு மூன்று மடங்கு வலிமையானது. விலையும் அதற்கேற்ப. 80–90 டிகிரியைத் தாண்டினால் உள்கட்டமைப்பு மாறி குணம் சரியத் தொடங்கும். வேகவைக்கும் எபாக்சி, சாதாரண சால்டரிங் எதுவும் அதற்கு ஆகாது. கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதில் தொடங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவது.

லித்தியம் நியோபேட்டுக்கு நேர்மாறான குணம். கியூரி வெப்பநிலை 1,100 டிகிரிக்கு மேல், எனவே சூட்டில் பீசோ குணம் இழக்கும் பயமே இல்லை. 36 டிகிரி ஒய்-வெட்டு என்ற திசையில் அறுத்த படிகத்தில் ஒலி விநாடிக்கு 7,300 மீட்டருக்கு மேல் ஓடுவதால் 40 மெகாஹெர்ட்ஸுக்கு 90 மைக்ரான் தடிமன் போதும். தேய்க்கும்போது கை நடுங்காது. மின்கடவுத்திறன் குறைவு என்பதால் மிகச் சிறிய துண்டுக்கு ஒத்துவராது. ஒரே பெரிய துண்டாக உள்ள உயர் அலைவெண் சென்சாருக்கு நல்ல தேர்வு. தகடு தேய்க்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அலுமினியம் நைட்ரைடும் ஸ்காண்டியம் கலந்த அதன் உறவினரும் சிலிக்கான் மேல் படலமாக வளர்வதற்கு. அவை பற்றிக் கீழே தனியாக.

செராமிக் தகட்டை நாமே சுட வேண்டுமா, வாங்கலாமா?

வாங்குங்கள். சூளை வேலை தனி வித்தை. பிஇசட்டியை 1,200–1,300 டிகிரியில் சுடும்போது ஈய ஆக்சைடு ஆவியாகி ஓடும். அதைத் தடுக்க மூடிய அலுமினா கிண்ணத்தில், ஈயம் நிறைந்த தூளைச் சுற்றிப் போட்டுச் சுடுவார்கள். சுடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, எவ்வளவு ஈயம் போனது என்று கணக்கெடுப்பது நல்ல பட்டறையின் அடையாளம்.

வாங்கும்போது கேட்க வேண்டியது இரண்டு: குருணை (செராமிக்கிலுள்ள நுண்படிகத் துகள்) அளவு என்ன, நுண்துளை எவ்வளவு. சாதாரண பிஇசட்டியில் குருணைகள் சில மைக்ரான் அளவு இருக்கும். தகடு 300 மைக்ரானாக இருக்கும்வரை அது யாரையும் தொந்தரவு செய்யாது. 30 மைக்ரானாகத் தேய்த்தபின், மேலிருந்து கீழ்வரை பத்துக் குருணை கூட இருக்காது. ஒரு துளை இருந்தால் மின்முனையாகப் பூசும் தங்கம் அதன் வழியே இறங்கி மேல்மின்முனையும் கீழ்மின்முனையும் ஷார்ட் ஆகிவிடும். மைக்ரானுக்கும் குறைந்த குருணையுள்ள, அழுத்தத்தில் அடர்த்தியாக்கிய வகையைக் கேட்டு வாங்குங்கள்.

50 மைக்ரானுக்கு எப்படித் தேய்க்கிறார்கள்? உடையாதா?

உடையும். அதனால்தான் தனியாகத் தேய்ப்பதில்லை. தகட்டை மெழுகால் கண்ணாடித் தட்டில் ஒட்டி, அலுமினா தூள் கரைசலில் லாப்பிங் செய்வார்கள். முதலில் கொரகொரப்பான தூள், கடைசியில் மூன்று மைக்ரான் அல்லது அதற்கும் நைசானது. ஒவ்வொரு மாற்றத்திலும் முந்தைய தூள் ஒரு துகள்கூட மிஞ்சாமல் கழுவ வேண்டும். மிஞ்சிய ஒரே துகள் கடைசி நிமிடத்தில் தகட்டின் குறுக்கே கோடு போடும், அந்தக் கோட்டில்தான் பின்னால் விரிசல் பிறக்கும்.

மெழுகுப் படலம் சீராக இருப்பது தேய்ப்பதைவிட முக்கியம். ஒரு பக்கம் மெழுகு தடித்திருந்தால் தகடு ஆப்பு வடிவில் தேயும். 50 மைக்ரான் தகட்டில் ஒரு மைக்ரான் வித்தியாசம் என்பது இரண்டு சதவீதம். 40 மெகாஹெர்ட்ஸில் அது 0.8 மெகாஹெர்ட்ஸ். ஒரே தகட்டிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகள் வேறு வேறு சுருதியில் பாடும்.

நடைமுறையில் வசதியான வழி: முதலில் ஒரு முகத்தை முடித்து, தங்கம் பூசி, பின்தாங்கிப் பொருளை (பின்பக்க அதிர்வை அடக்கும் அடுக்கு) அதன் மேலேயே வார்த்துவிட்டு, பிறகு மறுமுகத்தைத் தேய்ப்பது. மெலிந்த தகட்டைக் கையில் எடுக்கும் சந்தர்ப்பமே வராது.

துருவமேற்றுவது எப்போது?

செராமிக்கில் நுண்பகுதிகள் கலைந்து கிடக்கும். வெந்நிலையில் வலுவான மின்புலம் கொடுத்து ஒரே திசையில் திருப்பினால்தான் பீசோ குணம் வெளியே தெரியும். சிலிக்கோன் எண்ணெயில் 100–120 டிகிரியில், ஒரு மில்லிமீட்டருக்கு 2–3 கிலோவோல்ட் என்பது வழக்கம். 50 மைக்ரான் தகட்டுக்கு வோல்ட்டேஜ் 100–150தான் வரும், பயமில்லை. ஆனால் விளிம்பில் அழுக்கோ ஈரமோ இருந்தால் அங்கே பொறி பறக்கும்.

வாங்கும் தகடு ஏற்கெனவே துருவமேற்றியதாகத்தான் வரும். பிறகு செய்யும் ஒவ்வொரு வேலையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைக்கும். கியூரி வெப்பநிலையில் பாதியைத் தாண்டாதே என்பது பட்டறைகளில் சொல்லும் கணக்கு. 5எச் வகைக்கு அப்படிப் பார்த்தால் 95 டிகிரி. சாதாரண சால்டரிங் கம்பியின் முனை 300 டிகிரிக்கு மேல் இருக்கும். எனவே கம்பி இணைக்க வெள்ளி எபாக்சி, அல்லது 118 டிகிரியில் உருகும் இண்டியம்–டின் சால்டர் என்று போகிறார்கள். சால்டர் அந்தக் கணக்கைக் கொஞ்சம் தாண்டுவதால், எல்லா ஒட்டும் வேலையும் முடிந்தபின் கடைசியாக ஒருமுறை துருவமேற்றிக்கொள்வது பாதுகாப்பானது. அந்த வோல்ட்டேஜை உடன் இணைந்த மின்சுற்று தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தகட்டை ஏன் தூண் தூணாக வெட்டி எபாக்சி நிரப்புகிறார்கள்?

முழுத் தகடு தடிமன் திசையில் அதிரும்போது பக்கவாட்டிலும் நெளியப் பார்க்கும். அந்தச் சக்தி வீண். தூண்களாக வெட்டிவிட்டால் ஒவ்வொரு தூணும் சுதந்திரமாக நீண்டு சுருங்கும். மின்சக்தி எவ்வளவு நன்றாக அதிர்வாக மாறுகிறது என்று சொல்லும் மின்–இயக்க இணைப்பு எண் முழுத் தகட்டில் 0.5 சொச்சம், நல்ல கலவையில் 0.6-ஐத் தாண்டும். ஒலித்தடையும் பாதியளவுக்குக் குறையும். 1970-களின் பிற்பகுதியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நியூனம் குழு பரப்பிய யோசனை இது. மருத்துவ ஸ்கேன் புரோப்களில் பெரும் பங்கு இதன் வழிவந்தது.

செய்முறை: வைர பிளேடு ரம்பத்தால் ஒரு திசையில் வரிசையாகக் கோடு வெட்டி, வெற்றிடத்தில் காற்று நீக்கிய எபாக்சியை நிரப்பி, கெட்டியானபின் குறுக்கே வெட்டி, மறுபடி நிரப்பி, இரு முகமும் தேய்ப்பது. இடையில் எபாக்சி நிரப்பாமல் இரண்டு திசையும் ஒரேயடியாக வெட்டினால் தூண்கள் சாய்ந்து ஒடியும்.

இந்த வித்தைக்கு ஓர் எல்லை உண்டு. தூணின் அகலம் உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தால்தான் பலன். 55 மைக்ரான் உயரம் என்றால் தூண் 25 மைக்ரான்தான் இருக்கலாம். புழக்கத்திலுள்ள மெல்லிய பிளேடு 15 மைக்ரானாவது தின்றுவிடும். தூணும் வெட்டும் சேர்ந்த 40 மைக்ரானில் தூண் 25; இரண்டு திசையிலும் வெட்டியபின் மிஞ்சும் பீசோ 39 சதவீதம்தான். பாதிக்கு மேல் பசை! அதற்கு மேல் அலைவெண் வேண்டுமானால் ரம்பத்தை விட்டுவிட்டு பிளாஸ்மா அரிப்பு, சிலிக்கான் அச்சில் வார்த்துப் பின் அச்சைக் கரைத்துவிடும் முறை என்று போக வேண்டும்.

ஒட்டுப்பசை அவ்வளவு பெரிய விஷயமா?

என் கணக்கில் தோற்றுப்போகும் சென்சார்களில் பீசோவால் தோற்பவை குறைவு. பசையாலும் கம்பியாலும் விளிம்பாலும் தோற்பவையே அதிகம்.

ஒலித்தடையை மெகாரேல் என்ற அலகில் சொல்வார்கள்; பிஇசட்டிக்கு 33, உடல் திசுவுக்கு 1.5. இரண்டும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் ஆறில் ஒரு பங்கு சக்திதான் தாண்டும், மீதி திரும்பிவிடும். அதனால் நடுவே கால் அலைநீளத் தடிமனுள்ள பொருத்து அடுக்கு ஒன்று வைக்கிறோம். எபாக்சியில் ஒலி 2,500 மீட்டர் என்றால், 40 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 15 மைக்ரான் சொச்சம். இதை ஒட்டப் போடும் பசையே 5 மைக்ரான் இருந்தால் என்ன ஆகும்? பசையே தனியொரு அடுக்காக வேலை செய்து, நீங்கள் போட்ட வடிவமைப்பைக் கெடுத்துவிடும். பசைக்கோடு ஒரு மைக்ரானுக்குள் அடங்க வேண்டும். அதற்கு நீர்த்த எபாக்சி, அதிக அழுத்தம், தூசியில்லாத அறை மூன்றும் வேண்டும். இடையில் மாட்டிய ஒரு பஞ்சு நூல் போதும், ஒரு மூலையைத் தூக்கிவிட.

பசையே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள் வெள்ளித்தூள் கலந்த எபாக்சியை நேரடியாக வார்த்து, மையவிலக்குச் சுழலில் அடர்த்தியாக்கி, பிறகு தேய்த்துத் தடிமனுக்குக் கொண்டுவருவார்கள். வெளி அடுக்குக்குப் பாரிலீன் என்ற பாலிமர். இது நீராவிபோல் படிந்து மூலைமுடுக்கெல்லாம் ஒரே தடிமனில் மூடும், ஒலித்தடையும் 2.5 மெகாரேலுக்கு மேல், அதனால் இரண்டாவது பொருத்து அடுக்காகவும் ஈரத்துக்குக் காப்பாகவும் ஒரே நேரத்தில் உதவும். இந்த இரட்டை வேலைக்காகவே எனக்கு அது பிடிக்கும்.

பின்பக்கத்துக்குத் தாங்கிப் பொருள், பெரும்பாலும் டங்ஸ்டன் தூளோ வெள்ளியோ கலந்த எபாக்சி. கனமாக வைத்தால் துடிப்பு குட்டையாகும், படம் கூர்மையாகும், ஆனால் சமிக்ஞை மெலியும். லேசாக வைத்தால் மணியடித்தாற்போல் இழுத்துக்கொண்டே போகும்.

கம்பி இணைத்த பிறகு சமிக்ஞை ஏன் காணாமல் போகிறது?

சின்னத் துண்டுகளின் நிரந்தரத் தலைவலி. 30 மைக்ரான் அகலம், 500 மைக்ரான் நீளம், 50 மைக்ரான் தடிமனுள்ள ஒரு பிஇசட்டி துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பு மின்கடவுத்திறன் 1,500 என்று வைத்தால் அதன் மின்தேக்கம் 4 பிகோஃபாரட். மெல்லிய கோஆக்சியல் கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்றால், ஒன்றரை மீட்டருக்கு 150. துண்டில் பிறந்த வோல்ட்டேஜ் இந்த இரண்டுக்கும் நடுவே பங்கிடப்படும். மறுமுனைக்கு வந்து சேர்வது ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு.

தீர்வு ஒன்றுதான்: பெருக்கி மின்சுற்றைத் துண்டின் பக்கத்திலேயே வைப்பது. 64 துண்டுகள் கொண்ட 20 மெகாஹெர்ட்ஸ் இரத்தக்குழாய்க் கதீட்டரில், ஒரு மில்லிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள நுனியிலேயே சிப்புகள் உட்கார்ந்திருக்கும். 64 கம்பிக்குப் பதில் விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பிகள் மட்டும் வெளியே வரும். ஒரே துண்டைச் சுழற்றும் வகைக் கதீட்டரில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே துண்டு அரை மில்லிமீட்டர் அகலம் இருக்கும், மின்தேக்கம் தாங்கும்.

சிலிக்கான் வேஃபரில் செய்யும் முறை எப்படி வேறுபடுகிறது?

அதிர்வே வேறு. தடித்த தகடு நீண்டு சுருங்கும்; இங்கே மெல்லிய படலம் முரசுத் தோல்போல் மேலும் கீழும் வளையும். பிஎம்யூடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒரு வேஃபரில் ஆயிரக்கணக்கில் ஒரேயடியாக வரும், ஒட்டுப்பசை கிடையாது, தேய்ப்பது கிடையாது.

அலுமினியம் நைட்ரைடு வழியில் வரிசை இப்படிப் போகும். சிலிக்கான் மேல் கீழ்மின்முனையாக மாலிப்டினம், அதன்மேல் ஏறக்குறைய ஒரு மைக்ரான் அலுமினியம் நைட்ரைடை ஸ்பட்டரிங்கில் (அயனிகளால் மோதிப் பெயர்த்த அணுக்களைப் படியவைக்கும் முறை) வளர்ப்பது, மேல்மின்முனை, பிறகு படலத்துக்கு அடியிலுள்ள சிலிக்கானை அரித்துக் குழி எடுப்பது. வளர்ப்பது 400 டிகிரிக்குள் முடிவதால் ஏற்கெனவே மின்சுற்று உள்ள வேஃபர் மேலேயே செய்யலாம், இதுதான் பெரிய லாபம். கவலையெல்லாம் படிகம் நேராக நிற்கிறதா என்பதில். கீழ்மின்முனை கரடுமுரடாக இருந்தால் மேலே வளரும் படிகத் தூண்கள் ஆளுக்கொரு திசையில் சாயும். பீசோ குணம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

2009-இல் அகியாமா குழு ஸ்காண்டியத்தை 43 சதவீதம்வரை கலந்து பீசோ எண் ஐந்து மடங்கு உயர்வதைக் காட்டியது. அதிலிருந்து எல்லோரும் ஸ்காண்டியம் பக்கம் திரும்பினார்கள். ஆனால் ஸ்காண்டியம் கூடக் கூட, வழிதவறிய கூம்புக் குருணைகள் படலத்தில் முளைக்கும், அரிப்பும் மெதுவாகும்.

பிஇசட்டி படலம் இன்னும் வலிமையானது, இன்னும் முரண்டு பிடிக்கும். கரைசலைச் சுழற்றிப் பூசி, உலர்த்தி, 650–700 டிகிரியில் படிகமாக்கி, மறுபடி பூச வேண்டும். ஒரு சுற்றுக்கு 0.1 மைக்ரான் அளவே ஏறும். அவசரப்பட்டுத் தடிப்பாகப் பூசினால் வெடித்துப்போகும். போகும் ஈயத்துக்கு ஈடாகக் கரைசலிலேயே கொஞ்சம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். ஈயம் என்றாலே சிப் தொழிற்சாலைகள் பல கதவைச் சாத்திவிடும், மற்ற வேஃபர்களில் கலந்துவிடும் என்ற பயம்.

வளையும் படலத்தின் இணைப்பு எண் முழுத் தகட்டுக்கு அருகில்கூட வராது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆழமாக, பிரகாசமாகப் படமெடுக்க வேண்டுமானால் இன்றும் நான் தகட்டைத்தான் தேர்ந்தெடுப்பேன். காற்றில் தூரம் அளப்பது, கைரேகை, ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளின் அடுக்கு வரிசை — இங்கெல்லாம் படலம் ஜெயிக்கும். காற்றில் குறிப்பாக: முழுத் தகட்டிலிருந்து காற்றுக்கு நேரடியாகத் தாண்டுவது இருபதாயிரத்தில் ஒரு பங்கு சக்தி, மெல்லிய படலம் அங்கே எவ்வளவோ இலகுவாக மூச்சுவிடும்.

ஒரே வேஃபரில் உள்ள எல்லாம் ஒரே அலைவெண்ணில் வருமா?

வராது. படலத்தின் அலைவெண் தடிமனுக்கு நேர்விகிதம், ஆரத்தின் இருமடிக்கு எதிர்விகிதம். ஆரத்தில் ஒரு சதவீதம் பிசகினால் அலைவெண்ணில் இரண்டு. குழியைப் பின்பக்கத்திலிருந்து அரித்தால், முழு வேஃபர் தடிமனையும் கடந்து வரும் பிளாஸ்மா நடுவில் ஒரு வேகத்திலும் ஓரத்தில் வேறு வேகத்திலும் இறங்கும். குழியின் சுவர் சாய்ந்து ஆரம் மாறும். குழியை முன்னரே எடுத்து மூடிய வேஃபரில் தொடங்குவது இந்தச் சிக்கலைப் பெரிதும் தீர்க்கிறது, காசு கூடும்.

படலத்துக்குள் தேங்கிய உள்விசை அடுத்த வில்லன். அதிக அமுக்கம் இருந்தால் படலம் அப்பளமாக உப்பிவிடும், அதிக இழுப்பு இருந்தால் விறைத்துவிடும். ஸ்பட்டரிங் அழுத்தத்தையும் அடித்தட்டின் மின்னழுத்தத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து நடுநிலைக்குக் கொண்டுவருவது பொறுமையான வேலை.

வேஃபரைத் துண்டு போடும்போதும் கவனம் வேண்டும். வழக்கமான ரம்பத்தின் தண்ணீர்ப் பீச்சு, அடியில் குழி எடுத்து விடுவித்த படலங்களைக் கிழித்துவிடும். படலத்தை விடுவிப்பதற்கு முன் பாதி வெட்டி வைப்பது அல்லது லேசரால் உள்ளே கோடு போட்டுப் பிளப்பது வழக்கம்.

மின்தேக்க வகைச் சென்சாரோடு ஒப்பிட்டால்?

1990-களில் ஸ்டான்ஃபோர்டில் குரி-யாகூப் குழு வளர்த்த அந்த வகையில் பீசோ பொருளே இல்லை. மெல்லிய இடைவெளிக்கு இருபுறமும் மின்முனைகள். அலைவெண் வீச்சு அகலம், ஈயம் கிடையாது. ஆனால் எப்போதும் பல பத்து வோல்ட்டிலிருந்து நூற்றுக்கு மேல்வரை டி.சி. மின்னழுத்தம் கொடுத்தே வைத்திருக்க வேண்டும். பட்டர்ஃபிளை நிறுவனத்தின் கையடக்க ஸ்கேனர் இந்த வகைதான். உடலுக்குள் போகும் கருவியில் நிரந்தர உயர் மின்னழுத்தம் வேண்டாம் என்பவர்கள் பீசோவிலேயே நிற்கிறார்கள்.

செய்து முடித்ததை எப்படிச் சோதிப்பது?

முடித்தபின் மட்டும் சோதிப்பது தாமதம். தகடு வந்த நாள் முதல் ஒவ்வொரு படியிலும் மின்மறுப்பு வளைகோட்டை (அலைவெண் மாற மாற மின்மறுப்பு எப்படி மாறுகிறது என்ற வரைபடம்) எடுத்துச் சேமித்து வையுங்கள். ஒத்ததிர்வு, எதிர் ஒத்ததிர்வு இரண்டு அலைவெண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் இணைப்பு எண்ணைச் சொல்லும். அந்த இடைவெளி சுருங்கினால் துருவம் கலைந்திருக்கிறது. வளைகோட்டின் பெரிய மேட்டுக்குப் பக்கத்தில் குட்டி மேடுகள் முளைத்தால் பசை விட்டிருக்கிறது அல்லது விளிம்பு உடைந்திருக்கிறது. மேடே இல்லாமல் நேர்கோடாக இறங்கினால் கம்பி விட்டுப்போயிருக்கிறது. பல நேரம் அளக்கும் ஊசி மின்முனையைத் தொடவேயில்லை என்பதுதான் காரணம்.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. சமதளமான குவார்ட்ஸ் கட்டியை எதிரே வைத்து, துடிப்பு அனுப்பி எதிரொலியைப் பார்ப்பது. உச்சத்திலிருந்து 6 டெசிபல் இறங்கும்வரை உள்ள அகலத்தை மைய அலைவெண்ணால் வகுத்தால் வருவது சதவீத வீச்சு. படமெடுக்க 50-க்கு மேல் வேண்டும். தண்ணீர் காற்று நீக்கியதாக இருக்கட்டும். அரை மில்லிமீட்டர் முகத்தில் ஒட்டிய ஒரு நுண்குமிழி பாதி முகத்தை மூடிவிடும். சென்சார் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுமுன் ஒரு மென்தூரிகையால் முகத்தைத் தடவிப் பாருங்கள்.

படல வகைக்கு லேசர் அதிர்வுமானி கைகொடுக்கும், எந்தப் படலம் அசைகிறது எது செத்திருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: காற்றில் அளந்த அலைவெண் தண்ணீரில் வெகுவாக இறங்கும், பாதியாகக்கூட. தண்ணீரின் கனத்தைக் கணக்கில் சேர்க்காமல் வடிவமைத்தால் முழு வேஃபரும் தவறான அலைவெண்ணில் வந்து நிற்கும்.

உடலுக்குள் போகும் சென்சாரை எப்படிக் கிருமி நீக்குவது?

எத்திலீன் ஆக்சைடு வாயுதான் பெரும்பாலும். 121 அல்லது 134 டிகிரி நீராவி ஒற்றைப் படிகத்தின் குணத்தைக் குலைத்துவிடும், பசையையும் இளக்கும். இதற்கு மேல், உடலுக்கு ஒவ்வுமா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 10993 வரிசைச் சோதனைகள் உண்டு. பிஇசட்டியில் ஈயம் இருப்பதால் அது இரத்தத்தைத் தொடாதபடி முழுக்க மூடியிருக்க வேண்டும்.

ஈயமில்லாமல் செய்ய முடியாதா?

முடியும், ஆனால் எல்லா வேலைக்கும் அல்ல. ஐரோப்பாவின் ஆபத்துப்பொருள் கட்டுப்பாட்டு விதி பீசோ செராமிக்கில் உள்ள ஈயத்துக்கு விலக்கு அளித்து வந்திருக்கிறது. சமமான மாற்று இல்லை என்பதே காரணம். 2004-இல் சைத்தோ குழு பொட்டாசியம் சோடியம் நியோபேட்டில் பிஇசட்டியை நெருங்கும் குணத்தைக் காட்டியபின் ஆராய்ச்சி சூடுபிடித்தது. அதைச் சுடுவது கடினம், பொட்டாசியமும் சோடியமும் ஆவியாகும், ஈரத்தை உறிஞ்சும். கேட்க மட்டும் என்றால் பிவிடிஎஃப், அலுமினியம் நைட்ரைடு, லித்தியம் நியோபேட் மூன்றிலும் ஈயமே இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

சுத்த அறை இல்லாத கல்லூரி ஆய்வகத்தில் தொடங்க முடியுமா?

தாராளமாக. முதல் சென்சாருக்கு மின்முனை பூசிய பிவிடிஎஃப் படலத்தை வாங்கி, கத்தரித்து, பித்தளைக் குழாயின் நுனியில் வெள்ளி எபாக்சியால் ஒட்டி, குழாயையே புவித்தொடர்பாக வைத்துக்கொள்ளுங்கள். 80 டிகிரிக்கு மேல் சூடு காட்டாதீர்கள். இரண்டாவதாக, லித்தியம் நியோபேட் தகட்டை வாங்கி, வெள்ளி எபாக்சியைப் பின்தாங்கியாக வார்த்து ஒற்றைத் துண்டு செய்யலாம். கையால் லாப்பிங் செய்யும் தட்டும் ஒரு தடிமன் அளவியும் போதும், மின்முனையை வெளியே கொடுத்துப் பூசிக்கொள்ளலாம்.

சிலிக்கான் வழியில் போக விரும்பினால் வேஃபரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் திட்டங்கள் உண்டு. மெம்ஸ்கேப் நடத்திவந்த பீசோமம்ப்ஸ் அப்படியொன்று: 10 மைக்ரான் சிலிக்கான் மேல் அரை மைக்ரான் அலுமினியம் நைட்ரைடு என்று அடுக்கு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது, நீங்கள் வரைபடம் மட்டும் கொடுத்தால் போதும். தடிமன் உங்கள் கையில் இல்லை என்பதால் அலைவெண்ணை ஆரத்தால் மட்டுமே பிடிக்க முடியும். எனவே ஒரே சிப்பில் ஆரத்தை ஐந்து ஐந்து மைக்ரானாகக் கூட்டி ஒரு வரிசை வரைந்து அனுப்புங்கள். திரும்பி வந்ததும் எது எங்கே அதிர்கிறது என்று அளந்து, இரண்டாம் சுற்றுக்கு வேண்டிய ஆரத்தை அந்த வரிசையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.